மடிப்பு மேசையில் ஓர் எழுத்து வகுப்பு

என் நாத்தனார் எதைப் படித்தாலும் கையில் பென்சில் இல்லாமல் படிக்க மாட்டாள். மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் தாள், மாடி வீட்டுக்காரர் கதவில் ஒட்டிவிட்டுப் போகும் சீட்டு, நான் எழுதிக் கொடுக்கும் மளிகைப் பட்டியல், எதுவானாலும் சரி. படித்துக்கொண்டே போவாள். ஓர் இடத்தில் பென்சில் நிற்கும். ஏதாவது ஒரு சொல்லின் மேல் கோடு விழும். பெரும்பாலும் அது 'ரொம்ப' என்ற சொல்லாக இருக்கும். நான் கல்யாணமாகி வந்த முதல் வாரமே என் பட்டியலில் 'நல்ல வெங்காயம்' என்று இருந்ததில் 'நல்ல' என்பதை அடித்துவிட்டு, "கெட்ட வெங்காயம் குடுங்கன்னு யாராவது கேட்பாங்களா அண்ணி?" என்றாள். அது நடந்து பத்தொன்பது வருடமாகிறது.

"இவகிட்ட கல்யாணப் பத்திரிகையைக் குடுத்தாலும் திருத்தித்தான் திருப்பிக் குடுப்பா. அந்தப் பயத்துலதான் இவளுக்கு நான் பத்திரிகையே அடிக்கலை" என்பார் என் வீட்டுக்காரர். அவள் கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டதை வைத்து அண்ணன் செய்யும் கிண்டல்.

"உன் கல்யாணத்துக்கு நீ அடிச்ச பத்திரிகையில முகூர்த்தம் எத்தனை மணிக்குன்னே போடலை. வந்தவங்க எல்லாம் நேரா சாப்பாட்டுக்குத்தான் வந்தாங்க. அதை முதல்ல நினைச்சுப் பாரு" என்று அவளும் விடமாட்டாள்.

அவள் ஒரு பெரிய சலவை ஆலையில் மெக்கானிக். மருத்துவமனைகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வரும் படுக்கை விரிப்புகள், துண்டுகள், தலையணை உறைகள் எல்லாம் அங்கேதான் வெளுக்கப்படுகின்றன. பதினோரு வாஷிங் மெஷின், ஆறு டிரையர், ஒரு ரோலர். ரோலர் என்பது ஈர விரிப்பை ஒரு பக்கம் விட்டால் மறுபக்கம் இஸ்திரி போட்டு வெளியே தள்ளும் நீளமான மெஷின். வெளியே வருவதைப் பிடித்து மடிப்பது என் வேலை. அந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்ததும் அவள்தான்.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். ரோலர் பக்கத்தில் வேலை செய்த எட்டுப் பேரில் என்னைவிட அதிகம் படித்தவர்கள் இரண்டே பேர். எங்களுக்கெல்லாம் மூத்தவரைப் பெரியம்மா என்று கூப்பிடுவோம். அவருக்குப் படிக்கத் தெரியும், எழுதச் சொன்னால் கையெழுத்தோடு நிறுத்திக்கொள்வார். வாய் மூடாமல் பேசும் ஒருத்தியை ரேடியோ என்போம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

சுவரில் ஒரு நோட்டு தொங்கும். எந்த மெஷினில் கோளாறு என்றாலும் அதில் எழுதிவைக்க வேண்டும். மெக்கானிக் வந்து படித்துவிட்டுச் சரி செய்வாள். நாங்கள் எழுதுவதெல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். 'மெஷின் சரியில்லை. பார்க்கவும்.' ஒருநாள் ரேடியோ 'தண்ணி வருது' என்று எழுதி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். என் நாத்தனார் அந்தப் பதினோரு வாஷிங் மெஷினையும் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்து அரை நாளைத் தொலைத்தாள். மறுநாள் நோட்டை எடுத்துக்கொண்டு ரேடியோ முன்னால் வந்து நின்றாள்.

"துணி துவைக்கிற மெஷின்ல தண்ணி வராம பாலா வரும்?"

"ஒழுகுதுன்னு சொன்னேன்."

"எங்க சொன்ன? யார்கிட்ட சொன்ன?"

"மனசுக்குள்ள சொன்னேன்."

எல்லோரும் சிரித்துவிட்டோம். அவளும் சிரித்தாள். ஆனால் அன்றைக்கு மதியம் சாப்பாட்டு இடைவேளை முடியப் பதினைந்து நிமிடம் இருக்கும்போது, ஒரு காலி அட்டைப் பெட்டியைப் பிரித்து மடிப்பு மேசைமேல் நிமிர்த்தி வைத்து, கறுப்பு மார்க்கரால் ஒன்று முதல் நான்கு வரை எண் போட்டாள்.

"நாலு வரி. அதுக்கு மேல எனக்கு வேணாம், அதுக்குக் குறைஞ்சும் வேணாம். ஒண்ணு, எப்போ, எங்க. ரெண்டு, கண்ணால என்ன பார்த்தீங்க, காதால என்ன கேட்டீங்க. மூணு, நீங்க என்ன செஞ்சீங்க. நாலு, செஞ்சதுக்கப்புறம் மெஷின் என்ன பண்ணுச்சு."

"வேலைக்கு வந்த இடத்துல இம்போசிஷனா?" என்றாள் ரேடியோ.

"ஆமா. முதல்ல நீதான்."

செவ்வாயும் வெள்ளியும் வகுப்பு. அவள் சொல்லிக்கொடுத்த விதம் பள்ளிக்கூடத்தில் நான் பார்த்த எதையும் போல இல்லை. 'எழுதுங்க' என்று முதலில் சொல்லவே இல்லை. முதல் இரண்டு வாரம் ஒன்றாவது வரி மட்டும்தான். அதையும் வாயால் சொல்ல வேண்டும். 'காலையில' என்றால் தலையாட்டுவாள். 'டீ முடிஞ்சு வந்ததும், மூணாவது டிரையர்ல' என்றால் அடுத்தவரிடம் போவாள். அப்படிச் சரியாகச் சொல்ல வந்த பிறகுதான் எழுதவிட்டாள். ஆளுக்கு நான்கு அட்டைத் துண்டு, துண்டுக்கு ஒரு வரி. எழுதியதைக் கலைத்துப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுக்க வேண்டும். அவர் வரிசையாக அடுக்கிவிட்டால் சரி. முடியாவிட்டால் எந்தத் துண்டு குழப்புகிறதோ அதை மட்டும் திரும்ப எழுத வேண்டும்.

பிறகு ஒரே கோளாறைப் பற்றி அவளே இரண்டு சீட்டு எழுதி வருவாள். ஒன்று மோசமானது, ஒன்று சரியானது. ஒவ்வொன்றையும் படித்துவிட்டு, "இதைப் படிச்சா நான் எந்த ஸ்பானரை எடுத்துக்கிட்டு வருவேன்?" என்று கேட்பாள். மோசமானதைப் படித்தால் கருவிப் பெட்டியையே தூக்க வேண்டும். சரியானதைப் படித்தால் ஒரே ஒரு ஸ்பானர் போதும். நாங்கள் எழுதியதையும் அப்படியே சோதிப்பாள். சீட்டில் என்ன இருக்கிறதோ அதை மட்டும் செய்து காட்டுவாள். பெரியம்மா ஒருமுறை 'கதவைத் திறந்தால் சத்தம்' என்று எழுதினார். இவள் நேராகப் போய்க் கழிப்பறைக் கதவைத் திறந்து காது கொடுத்துக் கேட்டுவிட்டு வந்தாள். பெரியம்மா சிரித்துச் சிரித்து இருமியே விட்டார். அடுத்த சீட்டில் எந்தக் கதவு என்று இருந்தது.

ரேடியோவின் பிரச்சினை வேறு. இரண்டு பக்கம் எழுதுவாள். மெஷின் நின்ற கதைக்குள் அவள் மாமியார் வருவார், பஸ் கண்டக்டர் வருவார். "இவ்வளவும் உனக்கு எப்படித்தான் ஞாபகம் இருக்கு?" என்று வியந்துகொண்டே பென்சிலால் அடித்துக்கொண்டு போவாள் என் நாத்தனார். கடைசியில் நான்கு வரி மிஞ்சும்.

முதலில் தாளில் நான்கு தலைப்பும் எழுதிக் கொடுத்தாள். பிறகு எண்கள் மட்டும். நான்கு மாதம் கழித்து வெறும் தாள். அந்த வெறும் தாளில் நான் எழுதிய முதல் சீட்டு எனக்கு இன்னும் மனப்பாடம். 'மதியம் முதல் சுற்றில், நான்காவது டிரையர். உள்ளே தகர டப்பாவில் பட்டன் உருள்வது போலச் சத்தம், கதவுப் பக்கம். நிறுத்தித் துணியை எடுத்தேன். காலியாக ஓட்டியபோதும் அதே சத்தம்.' அவள் ஒரே ஒரு திருப்புளியோடு வந்து, கதவு விளிம்புக்குள் சிக்கியிருந்த டீஸ்பூனை எடுத்து என் கையில் வைத்துவிட்டுப் போனாள். எனக்கு அன்று முழுவதும் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

இரண்டு வருடம் இப்படியே போயிற்று. ஆலையில் அவளுக்கு 'நாலுவரி' என்று பெயர் விழுந்தது.

பிறகு அந்த ரோலர் விஷயம் நடந்தது.

ரோலரின் முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. கை தவறி உள்ளே போகப் பார்த்தால் முதலில் அந்தக் கம்பியில் படும், கம்பி பின்னால் நகரும், மெஷின் நின்றுவிடும். ஒரு கட்டத்தில் விரிப்பின் ஓரம் உரசினாலே கம்பி நகர ஆரம்பித்தது. மணிக்கு ஐந்து முறை மெஷின் நின்றது. நோட்டில் எழுதலாம் என்றோம். எழுதினால் மெக்கானிக் ரோலரை ஒரு நாள் நிறுத்திவிடுவாள், வேலை தேங்கும் என்றார் சூப்பர்வைசர். "கம்பி அசையாம ஒரு துணியை வச்சுக் கட்டுங்க. திங்கட்கிழமைதோறும் அவ கம்பியைச் சோதிக்க வர்றதுக்கு முன்னாடி அவிழ்த்துடுங்க" என்றார். நாங்களும் கட்டினோம். திங்கட்கிழமை காலை அவிழ்த்தோம். அவள் கம்பியைத் தள்ளிப் பார்ப்பாள், மெஷின் நிற்கும், போய்விடுவாள். பிறகு மறுபடி கட்டுவோம். மூன்று வாரம் இப்படி. நான் தினமும் அவளோடு ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் வந்தேன்.

ஒரு வியாழக்கிழமை பதினோரு மணிக்குப் பெரியம்மாவின் வலது கை விரிப்போடு ரோலருக்குள் போயிற்று. ரேடியோ பாய்ந்து சிவப்புப் பட்டனை அடித்தாள். கையை வெளியே எடுத்தபோது நான்கு விரலும் வெந்திருந்தன. பெரியம்மாவை வண்டியில் ஏற்றிய சந்தடியில் யாரோ கம்பியில் இருந்த துணியை அவிழ்த்துவிட்டார்கள்.

மறுநாள் தலைமை அலுவலகத்திலிருந்து விசாரணை அதிகாரி வந்தார். மருத்துவமனையிலிருந்த பெரியம்மாவைத் தவிர ஏழு பேருக்கும் ஒவ்வொரு தாள் கொடுத்து, நடந்ததை எழுதச் சொன்னார். நாங்கள் தடுமாறவே இல்லை. ஆளுக்கு நான்கு வரி எழுதிக் கொடுத்தோம். அவர் ஏழையும் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"எல்லாம் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கே. யாரு சொல்லிக் குடுத்தது?"

"எப்படி எழுதணும்னு மட்டும்தான் சார் சொல்லிக் குடுத்தாங்க. என்ன எழுதணும்னு யாரும் சொல்லலை" என்றாள் ரேடியோ.

"யாரு?"

"மெக்கானிக்."

அவர் ஒரு தாளை எடுத்து உரக்கப் படித்தார். "'கை தடுப்புக் கம்பியில் பட்டது. மெஷின் நிற்கவில்லை.' இதையே ஏழு பேரும் எழுதியிருக்கீங்க. கம்பி வேலை செய்யுதான்னு பார்க்கிறது யார் பொறுப்பு?"

சூப்பர்வைசர்தான் சொன்னார். "மெக்கானிக் பொறுப்பு சார்."

அடுத்த வெள்ளிக்குள் எழுத்தில் விளக்கம் தர வேண்டும், திருப்தியாக இல்லையென்றால் வேலை போகும், அதுவரை எந்த மெஷினையும் தொடக்கூடாது என்று என் நாத்தனாருக்குக் கடிதம் கொடுத்தார்கள்.

பஸ் நிறுத்தத்தில் ரேடியோ என்னிடம் மெதுவாக, "நாம பொய் ஒண்ணும் எழுதலையே. அவங்க சொல்லிக் குடுத்த நாலு வரியைத்தானே எழுதினோம்" என்றாள். எனக்கும் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. எப்போ, என்ன பார்த்தோம், என்ன செய்தோம், பிறகு என்ன ஆயிற்று. மூன்று வாரமாகக் கட்டி வைத்திருந்ததற்கு அந்த நான்கில் இடமில்லை. அந்த நான்கு வரிக்குள்ளேயே நின்றுகொள்வது எங்களுக்கு வசதியாக இருந்தது.

எங்கள் வீட்டுச் சமையலறை மேசையிலேயே நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். கம்பி, ஸ்பிரிங், சுவிட்ச் எல்லாவற்றையும் அட்டையில் படம் போட்டிருந்தாள். 'திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, ரோலர். கம்பியைத் தள்ளினேன். மெஷின் நின்றது.' இதை எழுதிவிட்டு அதற்கு மேல் போக முடியாமல் நான்கு நாள் கிடந்தாள். என் வீட்டுக்காரர் தேநீரை வைத்துவிட்டு, "என்னடி, ஸ்ட்ரைக்கா?" என்று கேட்டுப் பார்த்தார். அவள் நிமிரவில்லை. அவரும் கிண்டலை நிறுத்திக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தேன்.

"அண்ணி, நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க?"

"ம்."

"பெரியம்மா கை பட்டப்போ கம்பி பின்னால போச்சா, இல்ல அசையவே இல்லையா?"

தண்ணீரை மூடினேன். வகுப்பில் கேட்பது போலவே கேட்டாள். கண்ணால் பார்த்ததை மட்டும் கேட்டாள்.

"அசையலை" என்றேன்.

"சுவிட்ச் கெட்டிருந்தாலும் கம்பி அசையும். ஸ்பிரிங் இருக்கே. யாராவது பிடிச்சு வச்சாத்தான் அசையாது." பென்சிலைக் கீழே வைத்தாள். "இல்ல கட்டி வச்சா."

நான் சொல்லிவிட்டேன். துணி, சூப்பர்வைசர், திங்கட்கிழமைகள், எல்லாம்.

"எத்தனை நாளா?"

"மூணு வாரமா."

"எல்லாருக்கும் தெரியுமா?"

"தெரியும்."

"பஸ்ல என் பக்கத்துலதான் உட்கார்ந்து வந்தீங்க" என்றாள். பிறகு படம் போட்டிருந்த அட்டையை வெறும் பக்கமாகத் திருப்பிப் போட்டாள். "இதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு நான் கேட்கவே இல்லை. ரெண்டு வருஷம் சொல்லிக் குடுத்திருக்கேன், ஒரு தடவைகூடக் கேட்கலை. எனக்கு மெஷின் மட்டும் பேசினாப் போதும்னு இருந்துட்டேன்." நிமிர்ந்து பார்த்தாள். "அதுக்காக நீங்க தப்பிச்சிட்டீங்கன்னு நினைக்காதீங்க."

"நாளைக்கு அந்த அதிகாரிக்குப் போன் பண்ணிச் சொல்லட்டுமா?"

"நீங்களா? நேர்ல 'வணக்கம்' சொல்லவே உங்களுக்கு வாய் வராது. எழுதிக் குடுங்க. நான் பார்க்க மாட்டேன், ஒரு எழுத்துகூடத் திருத்த மாட்டேன். நான் தொட்டா நான் சொல்லிக் குடுத்ததா ஆயிடும்."

புதன்கிழமை மதியம் மடிப்பு மேசையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். எண் போடவில்லை. 'இதற்கு முன்' என்று தொடங்கினேன். ரேடியோ பின்னால் நின்று படித்துவிட்டாள்.

"உங்க வீட்டு ஆளைக் காப்பாத்த எங்க வேலைக்கு வேட்டு வைக்கிறீங்களா?"

நான் எழுதிக்கொண்டே இருந்தேன்.

"ஊமை மாதிரி இருந்துக்கிட்டு என்ன வேலை பண்றாங்க பாரு. நாளைக்கு நாம எல்லாரும் தெருவுலதான்."

மற்றவர்களும் சூழ்ந்துகொண்டார்கள். ஆளாளுக்குப் பேசினார்கள். அப்போது வாசல் பக்கமிருந்து பெரியம்மா வந்தார். மருத்துவச் சீட்டில் கையெழுத்து வாங்க மகளோடு வந்திருந்தார். வலது கையில் மணிக்கட்டுவரை கட்டு. "என்ன சந்தை இது?" என்று கேட்டுவிட்டு, என் தாளை இடது கையால் இழுத்து, ஒவ்வொரு சொல்லாகப் படித்தார்.

"இதுல தப்பு இருக்கு" என்றார்.

"என்ன பெரியம்மா?"

"'நாங்கள் கட்டியிருந்தோம்'னு எழுதியிருக்க. அந்த வாரம் கட்டினது நான். இந்தக் கையாலதான் கட்டினேன். அதை எழுது."

"எழுதினா உங்க தப்புன்னு சொல்லிடுவாங்க அம்மா" என்றாள் அவர் மகள்.

"கட்டினவ நான், மாட்டினவளும் நான். எதையும் தொடாத ஒருத்தி வேலையை விட்டுப் போவாளா? எழுதுடி." நான் எழுதினேன். இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார். அதைப் போட்டு முடிக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று.

ரேடியோ மூக்கை உறிஞ்சினாள். "சூப்பர்வைசர் கட்டச் சொன்னது எந்த நாள்னு எழுதினீங்களா?"

"நாள் ஞாபகம் இல்லை."

"எனக்கு இருக்கு. மருத்துவமனை லோடு ரெண்டு வண்டி சேர்ந்து வந்துச்சே, அந்தச் செவ்வாய்க்கிழமை. நீல சட்டை போட்டிருந்தாரு. கையில தேங்கா பிஸ்கட் இருந்துச்சு. குடுங்க இங்க பேனாவை." உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினாள். அன்று யாரும் அதில் ஒரு வரியையும் அடிக்கவில்லை. மற்ற ஐந்து பேரும் ஆளுக்கொரு தாள் எடுத்தார்கள்.

வெள்ளிக்கிழமை அதிகாரி என் நாத்தனாரின் விளக்கத்தோடு சேர்த்து எட்டுத் தாளையும் படித்தார். பிறகு தானே போய் ரோலர் முன்னால் குனிந்து பார்த்தார். கம்பியின் இரண்டு முனையிலும் துணி கட்டியிருந்த இடத்தில் பெயின்ட் தேய்ந்து வெள்ளையாக இருந்தது. விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இதை முதல் நாளே எழுதியிருக்கலாமே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எங்களால்தான் நிமிர முடியவில்லை.

சூப்பர்வைசரை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். எங்கள் எட்டுப் பேருக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. என் நாத்தனாருக்கு வேலை திரும்பக் கிடைத்தது, ஆனால் அவளுக்கும் ஒரு கடிதம் வந்தது. எல்லோருக்கும் தெரிந்த நாளில் மட்டும் சோதனை செய்தது தவறு என்று அதில் இருந்தது. பென்சிலோடு படித்தாள். எதையும் அடிக்கவில்லை. "சரியாத்தான் எழுதியிருக்காங்க" என்று மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

வகுப்பை மட்டும் நிறுத்திவிட்டாள். ஒன்பது வாரம் வரவில்லை. நாங்கள் செவ்வாயும் வெள்ளியும் சாப்பிட்டுவிட்டு மேசையைத் துடைத்து வைத்துவிட்டு உட்கார்ந்திருப்போம். கோளாறு நோட்டில் எழுதிவிட்டுப் போவோம், சரி செய்துவிட்டுப் போவாள். பத்தாவது வாரம் ரேடியோ கருவி அறைக் கதவில் ஒரு சீட்டு ஒட்டினாள். எப்போ, எங்க என்று தொடங்கி, மெக்கானிக் வகுப்புக்கு வராததை ஒரு மெஷின் கோளாறு போல எழுதியிருந்தாள். 'இதற்கு முன்: எங்கள் தப்பு' என்று முடித்திருந்தாள். அடுத்த வெள்ளி என் நாத்தனார் புது அட்டையோடு வந்தாள். அதில் ஐந்து எண்கள் இருந்தன.

இப்போது ஆலையில் முப்பத்திரண்டு பேர் அந்த வகுப்பில் படித்து முடித்திருக்கிறார்கள். ரோலருக்குப் புதுக் கம்பி போட்டாயிற்று. எந்த நாளில் சோதிக்க வருவாள் என்று யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பெரியம்மாவின் இரண்டு விரல்கள் மடங்குவதில்லை. துணி பிரிக்கும் பகுதியில் உட்கார்ந்து செய்யும் வேலை கொடுத்திருக்கிறார்கள். நானும் நாத்தனாரும் காலையில் ஒரே பஸ்ஸில்தான் போகிறோம். அந்த மூன்று வாரத்தைப் பற்றி அவள் அதன்பிறகு என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. நானும் பேச்செடுத்ததில்லை.